சுற்றாடல் நீதிமன்றம் மலையேறி வரட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடும்போதும், ஆற்றில் மீன்கள் செத்து மிதக்கும்போதும், சுற்றாடல் வழக்குகளுக்கென்று இலங்கையில் தனி நீதிமன்றங்கள் வேண்டும் என்ற பேச்சு எழுவதும், சில வாரங்களில் அது அடங்கிப்போவதும் நாம் பலமுறை கண்ட காட்சி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மத்திய, ஊவா மாகாணங்களின் சரிவுகள் இடிந்து விழுந்த பின்னர் அந்தப் பேச்சு மீண்டும் என் காதில் விழுகிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அப்படியொரு நீதிமன்றம் எந்த ஊரில் அமர வேண்டும், அதன் ஆசனத்தில் யார் யார் இருக்க வேண்டும், அது எந்த மொழியில் கேட்டு எந்த மொழியில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பவை பற்றி மலையகத்திலிருந்து எழுதப்பட்ட எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சட்டத்தரணி அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மலையகத்தின் நீதவான் நீதிமன்றங்களிலும் தொழில் நியாய சபைகளிலும் மொழிபெயர்ப்பாளனாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன். தோட்டத்து மக்கள் எங்களை முதலியார் என்று அழைப்பார்கள். சாட்சிக் கூண்டுக்கும் நீதிபதியின் ஆசனத்துக்கும் நடுவில் நின்று, இந்தப் பக்கத்துத் தமிழை அந்தப் பக்கத்துக்குச் சிங்களமாகவும், அந்தப் பக்கத்துச் சட்டத்தை இந்தப் பக்கத்துக்குத் தமிழாகவும் மாற்றிக் கொடுத்த எனக்கு, எந்த இடத்தில் நீதி வழுக்கி விழுகிறது என்பது ஓரளவு தெரியும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ வேண்டாம். ஒரு தோட்டத்தின் கீழ்க்கணக்கில், அதாவது கீழ்ப்பிரிவில், நாற்பது குடும்பங்கள் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து வந்தன. பீலிக்கு மேலே, ஊற்றுக்கண்ணுக்கு அருகில், வெளியூர்க்காரர் ஒருவர் விடுதி கட்டினார். விடுதியின் மலக்குழியும் அதன் பின்னால் போடப்பட்ட மரக்கறித் தோட்டத்தின் உரமும் மருந்தும் மழையோடு இறங்கி வந்தன. மக்கள் பொலிஸில் முறையிட, பொலிஸார் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லை என்று நீதவானுக்கு அறிக்கை செய்தார்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அது. சிங்களத்தில் இந்தத் தொல்லையைப் 'பீடாவ' என்பார்கள். நான் அதைத் தொல்லை என்று மொழிபெயர்த்தாலும், கூண்டில் நின்ற கிழவியின் காதில் அது 'பீடை' என்றே விழுந்திருக்க வேண்டும், அவர் தலையை ஆட்டி, 'ஆமாய்யா, பீடைதான் புடிச்சிருச்சு' என்றார். நீதிமன்றம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்த அம்மா சொன்ன சாட்சியம் இதுதான்: பீலித் தண்ணீரில் சோறு வடித்தால் வாடை வருகிறது, துவைத்த வெள்ளைத் துணி பழுப்பாகிறது, பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, வாடை எத்தனை அளவு என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் தமிழில் சொன்னபோது அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. தண்ணீரின் மாதிரி எடுக்கப்பட்டதா என்று நீதவான் கேட்டார். எடுக்கப்பட்டிருந்தது, ஆனால் முறைப்பாடு செய்து நான்கு மாதம் கழித்து, மழையில்லாத பங்குனியில், விடுதியில் ஆளில்லாத ஒரு வாரத்தில். அறிக்கை சுத்தம் என்றது. அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது, எந்த மாதத்தில் எந்த இடத்தில் மாதிரி எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர் அந்த அறையில் எவருமில்லை. நீதவான் நல்லவர், தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதவர். ஆனால் அன்று அவர் முன்னால் திருட்டு, குடிபோதை, பராமரிப்புப் பணம், வீதி விபத்து என்று அறுபதுக்கு மேற்பட்ட கோவைகள் இருந்தன. வழக்கு ஐந்து ஆண்டுகள் நடந்தது. அதற்குள் மூன்று நீதவான்கள் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் விடுதிக்காரர் ஒரு நீர்த்தாங்கி வாங்கிக் கொடுப்பதாகச் சொல்ல, சமரசம் என்று எழுதி முடித்தார்கள். தாங்கி வந்தது. அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருவது என்று எவரும் கேட்கவில்லை.

இதில் எவரையும் குறை சொல்ல நான் வரவில்லை. 98ஆம் பிரிவு, தெருவை மறித்துக் கட்டிய சுவரை அகற்றுவதற்கும் நாற்றமடிக்கும் தொழுவத்தை மூடுவதற்கும் நன்றாகவே பயன்படுகிற சட்டம். நீதவான் உடனடியாக நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்க அது இடம் கொடுக்கிறது. ஆனால் நிலத்துக்கடியில் ஓடுகிற நீரின் வழக்கை அந்தச் சட்டத்தின் தோளில் ஏற்றினால் அது தாங்காது. நட்டஈடு கொடுக்க அதில் வழியில்லை, நிபுணரை ஆசனத்தில் அமர்த்த வழியில்லை, கெட்டதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருமாறு கட்டளையிட்டு அது நிறைவேறுகிறதா என்று ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கவும் வழியில்லை.

மேலே போனால் என்ன? நம் உயர் நீதிமன்றம் சுற்றாடல் விடயத்தில் கண்மூடி இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. எப்பாவல பொஸ்பேற்றுப் படிவை வெளிநாட்டுக் கம்பனியொன்றுடன் சேர்ந்து அகழ முற்பட்டபோது, அந்தப் பகுதி மக்கள் சிலர் தாக்கல் செய்த மனுவில் 2000ஆம் ஆண்டு வழங்கப்பட்ட தீர்ப்பு, இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறதே தவிர உரிமையாளராக அல்ல என்று சொல்லிற்று. நீதியரசர் அமரசிங்க எழுதிய அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில், 2015இல் தாக்கலான மனுவுக்கு 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு கம்பனிக்குக் கட்டளையிடப்பட்டது. 2021இல் கொழும்புக்கு அருகே தீப்பற்றி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தொடர்பில் 2025 ஜூலையில் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு என்ற தீர்ப்பும் அதே நீதிமன்றத்திலிருந்துதான் வந்தது.

ஆனால் அந்த வாசலுக்குப் போகும் வழியைப் பாருங்கள். அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை சுற்றாடலைப் பாதுகாப்பது அரசின் கடமை என்கிறது. 29ஆம் உறுப்புரையோ, அந்தக் கடமைகளை எந்த நீதிமன்றத்திலும் வற்புறுத்த முடியாது என்கிறது. ஆகவே சட்டத்தரணிகள் சமத்துவ உரிமை போன்ற வேறு அடிப்படை உரிமைகளின் தோளில் ஏறித்தான் சுற்றாடலைப் பேச வேண்டியிருக்கிறது. 126ஆம் உறுப்புரையின் கீழான மனுவை ஒரு மாதத்துக்குள், கொழும்பில், உயர் நீதிமன்றத்தில் மட்டுமே தாக்கல் செய்யலாம். ஹட்டனிலிருந்து அந்த நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைக்கு பஸ்ஸில் நான்கைந்து மணி நேரம். ஒரு தவணைக்குப் போய்வந்தால் இரண்டு நாள் பெயர் விழாது, சம்பளம் போய்விடும். தன் பீலித் தண்ணீர் ஏன் நாறுகிறது என்று ஒரு தொழிலாளி கண்டுபிடிப்பதற்கே ஒரு மாதம் போதாது. மேற்சொன்ன வழக்குகள் வென்றவை என்பதால் நாம் அறிந்தவை. அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்ட மலைகளின் கணக்கு எந்தச் சட்ட அறிக்கையிலும் இராது.

தனி நீதிமன்றம் என்றதும் இது ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று நினைப்பவர்கள் நம் மலையகத்தையே திரும்பிப் பார்க்கலாம். 1957ஆம் ஆண்டு கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் திருத்தப்பட்டபோது தொழில் நியாய சபைகள் உருவாக்கப்பட்டன. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தொழிலாளி ஆறு மாதத்துக்குள், தன் கைப்பட எழுதிய ஒரு விண்ணப்பத்தோடு அங்கே போகலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாவிட்டால் தொழிற்சங்கப் பிரதிநிதி அவருக்காக வாதாடலாம். சபையின் தலைவர் சாட்சியச் சட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் கட்டுப்பட்டிருக்க வேண்டியதில்லை. 'நீதியும் ஒப்புரவுமான' கட்டளையை அவர் வழங்க வேண்டும் என்பதே சட்டம். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண், ஒரு தோட்ட துரைக்கு எதிரே அதே மட்டத்திலுள்ள நாற்காலியில் அமர்ந்து, தன்னை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த மேடைப் பேச்சும் மலையகத்துக்குக் கொடுக்காத ஒன்றை அந்தச் சின்ன அறை கொடுத்தது. அங்கேயும் வழக்குகள் இழுபடுகின்றன, மேன்முறையீட்டில் முடங்குகின்றன என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வாசல் எங்கே இருக்கிறது என்பது எங்கள் மக்களுக்குத் தெரியும்.

வர்த்தகர்களுக்கு 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தனி வர்த்தக மேல் நீதிமன்றம் கிடைத்தது. பெரும் ஊழல் வழக்குகளுக்கு 2018இல் நிரந்தர விசேட மேல் நீதிமன்றம் வந்தது. புதிய நீதிமன்றங்களையும் நியாய சபைகளையும் நிறுவ அரசியலமைப்பின் 105ஆம் உறுப்புரை பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே சட்டம் இடம் கொடுக்காது என்று எவரும் கையை விரிக்க முடியாது. நான் கேட்பது, சுற்றாடல் நீதிமன்றத்தை வரைகிறவர்கள் வர்த்தக மேல் நீதிமன்றத்தைப் பார்த்து வரையாமல் தொழில் நியாய சபையைப் பார்த்து வரைய வேண்டும் என்பதையே. கொழும்பில் ஒரு பளிங்கு மண்டபம் வேண்டாம். ஹட்டனில், நுவரெலியாவில், பதுளையில், பண்டாரவளையில் ஓர் அறையும், மாதத்தில் சில நாட்கள் அங்கே வந்து அமரும் ஓர் ஆயமும் போதும். தேவைப்பட்டால் அந்த ஆயம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஊற்றுக்கண் வரை ஏறி வரவும் வேண்டும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1980 முதல் இயங்கும் காணி, சுற்றாடல் நீதிமன்றத்தில், பிணக்குக்குரிய இடத்திலேயே கூடி விசாரிப்பது அன்றாட நடைமுறை.

ஆயத்தில் யார் இருக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம். சுவீடனின் காணி, சுற்றாடல் நீதிமன்றங்களில் சட்டம் படித்த நீதிபதியோடு, தொழில்நுட்பம் படித்த ஒருவரும் நீதிபதியாகவே அமர்கிறார். இந்தியாவில் 2010இல் அமைக்கப்பட்ட தேசிய பசுமைத் தீர்ப்பாயத்திலும் நீதித்துறை உறுப்பினர்களுக்குச் சமமாக நிபுணத்துவ உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சாட்சியாக அழைக்கப்படும் நிபுணருக்கும் ஆசனத்தில் அமரும் நிபுணருக்கும் உள்ள வேறுபாட்டை நீதிமன்றத்தில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். முன்னவர் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போவார். பின்னவர், எவரும் கேட்காத கேள்வியைத் தாமே கேட்பார். என் பீலி வழக்கில் பங்குனி மாதத்து மாதிரியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க அப்படி ஒருவர் இருந்திருந்தால் போதும்.

மலையகத்துக்கு அப்படிப்பட்டவர் ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதற்கு மீரியபெத்தையைத் தவிர வேறு சாட்சி வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில், கொஸ்லந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்து லயங்களின் மேல் மலை இறங்கியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆராய்ச்சியாளர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். ஆனால் எச்சரிக்கை வெறும் கடிதமாகவே இருந்தது. அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், 'இந்த மக்களை இத்தனை மாதத்துக்குள் வேறிடத்தில் குடியமர்த்து' என்று கம்பனிக்கும் அரச திணைக்களங்களுக்கும் கட்டளை வாங்கக்கூடிய இடம் ஒன்று பக்கத்தில் இருக்கவில்லை. அங்கே குடியிருந்தவர்களுக்கு வீட்டுக்கு உறுதி இல்லை, காணிக்கு உறுதி இல்லை; காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயம் தோட்டத்தினுடையது. எதுவுமே தன்னுடையதாக இல்லாத ஒருவருக்கு, தன் தலைக்கு மேலுள்ள மலையைப் பற்றி வழக்கிட உரிமை உண்டு என்று சுற்றாடல் நீதிமன்றச் சட்டம் வெளிப்படையாகவே எழுத வேண்டும். உறுதிப் பத்திரத்தைக் காட்டு என்று கேட்கும் நீதிமன்றம் எங்களுக்கு உதவாது.

உமா ஓயா ஆற்று நீர்மின் திட்டத்தின் கதை வேறு விதம். பண்டாரவளைப் பக்கத்தில் மலையைக் குடைந்து சுமார் 15 கிலோமீற்றர் சுரங்கம் அமைத்தபோது, 2014 இறுதியிலிருந்து சுரங்கத்துக்குள் நீர் கசியத் தொடங்கிற்று. மேலே கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. 120 மெகாவாற் மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிணறு வற்றிய மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர், பல நூறு மீற்றர் கீழே நடந்த ஒன்றுதான் அதற்குக் காரணம் என்று எப்படி நிரூபிப்பார்? பொறியியல் வரைபடங்களெல்லாம் எதிர்த்தரப்பின் அலுமாரியில். வழக்காளியே நிரூபிக்க வேண்டும் என்ற பொது விதி இங்கே ஏழையின் கழுத்தில் கட்டிய கல். நிலத்தைக் குடைந்தவர், தான் குடைந்ததால் கிணறு வற்றவில்லை என்று காட்டட்டும் என நிரூபிக்கும் சுமையை மாற்றி வைக்கும் அதிகாரம் சுற்றாடல் நீதிமன்றத்துக்கு வேண்டும். சுரங்கம் தோண்டி முடியும்வரை காத்திராமல், கசிவு தொடங்கிய வாரத்திலேயே வேலையை இடைநிறுத்தும் அதிகாரமும் வேண்டும்.

இன்னொரு விடயம், சற்றுக் கசப்பானது. சுற்றாடல் சட்டங்கள் இன்றைக்கு மலையகத்தில் யாரைப் பிடிக்கின்றன? கெஹெல்கமு ஓயாக் கரையில் இரவில் மாணிக்கக்கல் தோண்டிப் பிடிபட்டு நீதவான் முன் நின்ற பையன்களுக்காக நான் எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். மண்வெட்டி, அலவாங்கு, சல்லடை எல்லாம் சான்றுப் பொருட்களாக மேசையில் இருக்கும். பையன்கள் குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள், தண்டப்பணம் விதிக்கப்படும், மாலையில் எவரோ வந்து அதைக் கட்டிவிடுவார். அந்த எவரோ யார் என்று எந்த நாளும் கேட்கப்பட்டதில்லை. கேட்பதற்கு அந்த வழக்கில் இடமுமில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் சிக்கிப் பின்னர் இறந்தபோது நாடே வருந்தியது, நானும் வருந்தினேன். ஆனால் கண்ணிகளில் பெரும்பாலானவை, லயத்துக்குப் பின்னால் போட்ட கிழங்குப் பாத்தியைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க வைக்கப்படுபவை. சிறுத்தையையும் காக்க வேண்டும், அந்தப் பாத்தியையும் காக்க வேண்டும் என்று யோசிக்கத் தெரிந்த ஆயம் வேண்டும். விறகு சுமந்த பெண்ணுக்கு மட்டும் தண்டம் விதித்துவிட்டு, காட்டோரத்தை வெட்டிச் சமப்படுத்திய இயந்திரத்தின் சொந்தக்காரருக்குத் தவணை கொடுத்துக்கொண்டிருக்குமானால், புதிய நீதிமன்றம் பழையதைவிடப் பெரிய கொடுமையாகிவிடும்.

ஆறு ஒன்றுதான், அதன் மேல் அதிகாரம் உள்ளவர்களோ பலர். மணலுக்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். கல்லுக்குத் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபை. கரையிலுள்ள மரத்துக்கு வனத் திணைக்களம். கழிவுநீருக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை. குப்பைக்குப் பிரதேச சபை. அந்தப் பிரதேச சபைக்கும் 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை தோட்டங்களுக்குள் பணம் செலவழித்துச் சேவை செய்யத் தடை இருந்தது என்பதை வெளியூர் வாசகர்கள் அறியாமல் இருக்கலாம். லயத்துக் குப்பை பல பத்தாண்டுகளாகச் சட்டப்படி எவருடையதும் அல்ல. அது ஓயாவில் போய்ச் சேர்ந்தது. ஒரு முறைப்பாட்டோடு போனவரை, 'இது எங்கள் வேலை அல்ல' என்று ஐந்து அலுவலகங்கள் மாற்றி மாற்றி அனுப்பும். எல்லாத் திணைக்களங்களையும் ஒரே மேசைக்கு அழைத்து, இதற்கு நீ பொறுப்பு என்று விரல் நீட்டக்கூடிய ஓர் ஆசனமாகச் சுற்றாடல் நீதிமன்றம் இருந்தால், அதுவே பாதி வெற்றி. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகின்றன. கொழும்பு அந்தக் கங்கையைத்தான் குடிக்கிறது. மேலே கலங்கினால் கீழே தெளியாது.

அயல்நாடுகளைப் பார்க்கும்போது நல்லதை மட்டும் பொறுக்கிக்கொள்வது நேர்மையாகாது. இந்தியத் தீர்ப்பாயத்தில் சாதாரண மனுவுக்கு 1,000 ரூபாதான் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு அதுவும் இல்லை; ஆறு மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது; தென்மாநிலங்களுக்குச் சென்னையில் அமர்வு இருக்கிறது. ஆனால் உறுப்பினர் வெற்றிடங்கள் நிரப்பப்படாமல் சில அமர்வுகள் முடங்கிக் கிடந்த காலங்களும் உண்டு. பங்களாதேஷ் 2000ஆம் ஆண்டிலேயே சுற்றாடல் நீதிமன்றச் சட்டம் கொண்டுவந்த நாடு. எனினும் திணைக்கள அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்தாலன்றிப் பொதுவாக அங்கே வழக்கு ஏற்கப்படாது என்ற பூட்டைச் சட்டத்திலேயே போட்டுவிட்டார்கள். மக்கள் நேரே போக முடியாத நீதிமன்றத்துக்கு வழக்குகளும் அரிதாகவே போய்ச் சேர்ந்தன. நம் சட்டத்தை வரைகிறவர்கள் அந்தப் பூட்டை மட்டும் இறக்குமதி செய்துவிடக் கூடாது. பாதிக்கப்பட்டவர், அவர் சார்பில் தொழிற்சங்கம், மாதர் சங்கம், கோயில் பரிபாலன சபை, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், எவராயினும் நேரே மனுக் கொடுக்கலாம் என்று எழுதப்பட வேண்டும்.

மொழிக்கு வருகிறேன், என் தொழிலே அதுதான். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை எந்தத் தரப்பினரும் தமிழிலோ சிங்களத்திலோ வழக்கைத் தொடங்கவும், மொழிபெயர்ப்பைப் பெறவும் உரிமை தருகிறது. ஆனாலும் வடக்குக் கிழக்குக்கு வெளியே பதிவுகள் சிங்களத்தில்தான் இருக்கின்றன. நுவரெலியா மாவட்டத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ் பேசுகிறவர்கள். என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் விடுமுறையில் போனால் வழக்கு அடுத்த தவணைக்குப் போகும். இதைவிடப் பெரிய குறை, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் இருக்கிறது. பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்கிறார்கள். தடித்த அறிக்கை பிரதேச செயலகத்தில் ஓர் அலுமாரியின் மேல் இருக்கும். ஆங்கிலப் பிரதியும் சிங்களப் பிரதியும் இருந்தும் தமிழ்ப் பிரதியைத் தேடி வெறுங்கையோடு திரும்பிய சங்கத் தலைவர்கள் பலர் என்னிடம் வந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். தமிழில் தரப்படாத அறிக்கைக்குத் தமிழ் மக்களைப் பொறுத்தவரை அந்த 30 நாள் தொடங்கவே இல்லை என்று கொள்ளும் விதி ஒன்று வேண்டும்.

தனி நீதிமன்றம் வந்தால் செலவு கூடும், அபிவிருத்தி தடைப்படும், நீதித்துறை துண்டு துண்டாகும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். முதலிரண்டு வாதங்களும் என்னை அசைக்கவில்லை. மண்சரிவுக்குப் பின்னால் கொடுக்கும் நிவாரணச் செலவை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மூன்றாவது வாதத்தில் நியாயம் உண்டு. சுற்றாடல் வழக்கு பெரும்பாலும் காணி வழக்கோடும் தொழில் வழக்கோடும் பின்னிக்கிடக்கும். எல்லை எங்கே என்ற சண்டையிலேயே ஆண்டுகள் போகக்கூடும். அதனால் தொடக்கத்தில் மலையகத்திலும் இன்னும் ஓரிரு மாகாணங்களிலும், இருக்கிற மேல் நீதிமன்றத்தின் ஒரு பிரிவாக, இரண்டு நிபுணர்களைச் சேர்த்து நடத்திப் பார்த்துவிட்டு, பிறகு நாடு முழுவதற்கும் விரிக்கலாம் என்பது என் எண்ணம். சட்டம் கற்றவர்கள் இதைவிட நல்ல வழி சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நீதி அமைச்சும் சுற்றாடல் அமைச்சும் இதற்கென்று ஏதேனும் வரைபைத் தயாரித்தால், அதன் தமிழ்ப் பிரதியைச் சிங்களப் பிரதியோடு அதே நாளில் வெளியிட்டு, மலையகத்தின் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தபாலகத்திலும் தொழிலாளர் காலையில் கூடும் தோட்ட அலுவலகத்துப் பெரட்டுக் களத்திலும் ஒட்டச் செய்து, கருத்துச் சொல்ல மூன்று மாதமேனும் அவகாசம் தர வேண்டும். கருத்துக் கேட்கும் கூட்டங்களில் ஒன்றையாவது ஹட்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். மற்ற நாட்களில் மக்கள் கொழுந்து மலையில் இருப்பார்கள். அன்றைக்கு மொழிபெயர்க்க ஆள் கிடைக்காவிட்டால், ஊதியமில்லாமல் நானே வந்து நிற்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
ஹட்டன்.